கோடை விழாவில் ஜாஸுக்கும் ஒரு மாலை

ஐயா,

ஏற்காடு கோடை விழாவில் ஒரு மாலையை, அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையை வாசிக்கும் ஒரு குழுவுக்கு ஒதுக்க வேண்டும். நம் ஊருக்கு அது ஒத்துவராது என்பதை நான் ஏற்கவில்லை. ஜாஸில் எழுதிவைத்த மெட்டை முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். அப்புறம் சாக்ஸபோன்காரர் அதே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையின் மேல் அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பார், டிரம்ஸ்காரர் காதைத் தீட்டிக்கொண்டு பதில் கொடுப்பார். கர்நாடகக் கச்சேரியில் பாடகர் அந்த நொடியில் கற்பனை செய்து பாடும் நிரவலும் கற்பனை ஸ்வரமும் கேட்டுத் தலையாட்டுகிறவர்களுக்கு இது எப்படி அந்நியமாகும்? 1970களில் ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ஷக்தி குழுவில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். அவர் மகன் செல்வகணேஷ் வாசித்த அதே குழு 2024இல் கிராமி விருது வாங்கியது. சேலத்தில் தவிலும் நாதஸ்வரமும் வாசிக்கும் இளைஞர்களையும் அந்த மேடையில் உட்கார வையுங்கள். ஒத்திகைக்கு மட்டும் சில நாள் முன்பே அழைத்துவிட வேண்டும்.

- இசை ரசிகர், அஸ்தம்பட்டி, சேலம்