லுட்விக் ராஜா விஷயம்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைப் படத்தை அனுப்பினாய், ஒரு வரிகூட எழுதவில்லை. சரி, போகட்டும். அதைக் கட்டிய லுட்விக் ராஜாவைப் பற்றி, அதுதான் ஜெர்மனியில் பவேரியாவை ஆண்டவர், நானே தேடிப் படித்தேன். பைத்தியம் என்று சொல்லி 1886 ஜூனில் ஆட்சியைப் பறித்திருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

குடன் என்ற டாக்டரும் இன்னும் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்காக ஒருவர்கூட அவரை உட்காரவைத்துப் பரிசோதிக்கவில்லை. வேலைக்காரர்கள் சொன்னதுதான் பெரும்பாலும் சாட்சி. பகலில் தூங்குகிறார், ராத்திரி பனிவண்டியில் சுற்றுகிறார், மந்திரிகளைப் பார்ப்பதில்லை. இதுவா பைத்தியம்? பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்று ராஜாவே கேட்டாராம். அதற்குத் தேவையில்லை, ஆவணங்களே போதும் என்றாராம் குடன். பெர்க் கோட்டைக்குக் கொண்டுபோன மறுநாள், ஜூன் 13, இரண்டு பேரும் ஏரியில் பிணம். கடன் சுமார் 1 கோடியே 40 லட்சம் மார்க், அது நிஜம்தான். கடன்காரனெல்லாம் பைத்தியம் என்றால் நம் வீட்டில் யார் மிச்சம்?

பெரியப்பாவிடம் சொன்னேன். "அவன் தம்பி ஓட்டோவும் அப்படித்தானே" என்கிறார். ஓட்டோ பாவம், நிஜமாகவே நோயாளி. பெரியப்பா யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்று உனக்கே தெரியும். சின்ன மாமாவை வைத்து என் பிள்ளையை எடை போட வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ம்யூனிக்கில் ஆராய்ச்சிக்கு இடம் வாங்கியது இந்தக் குடும்பத்தில் நீ ஒருவன்தான். அதையும் சொன்னேன்.

ஆனால் தங்கை கூப்பிட்டால்கூட எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் ஊர் நேரம் ராத்திரி 3 மணிக்கு ஆன்லைன் என்று காட்டுகிறது. வேலை இருக்கும். தூங்கு தம்பி.

ராஜாவுக்காக இவ்வளவு வாதாடினேனே, ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். லின்டர்ஹோஃப் அரண்மனையில் அவருடைய சாப்பாட்டு மேஜை அப்படியே கீழே சமையலறைக்கு இறங்கும், பரிமாறியதும் மேலே ஏறிவரும். வேலைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாமே என்று. பைத்தியம் இல்லைதான். நன்றாக இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ யாரோடு சாப்பிடுகிறாய்?

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் போடு. தாடியோடு இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் சொல்ல மாட்டேன். நேரத்துக்குத் தூங்கு. அப்புறம், அங்கே டாக்டர் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் போய்ப் பேசு. பெரியப்பாவுக்குச் சொல்ல மாட்டேன். பணம் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

அம்மா