தேநீர் எழுத்துக்குள் மனிதன் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த தேநீர்க் கட்டுரையில், ‘சா’ என்னும் சீன எழுத்தில் மேலே புல், கீழே மரம், நடுவே மனிதன் இருப்பதாகவும், இயற்கையோடு இயைந்த வாழ்வே அதன் பொருள் என்றும் கண்டிருந்தது. ஐயா, அந்த எழுத்தில் மனிதனே கிடையாது.

மேலே உள்ள புல் உறுப்பு, இது செடி இனம் என்று மட்டும் சொல்லும். அதற்குக் கீழே இருப்பது முழுவதும் ‘யூ’ என்ற ஒலியுறுப்பின், அதாவது உச்சரிப்பைக் காட்டும் பகுதியின், மிச்சம். பழைய வடிவத்துக்கு ‘தூ’ என்று பெயர். அது கசப்பான ஒரு கீரையைக் குறித்தது. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையான ஷீ சிங்கிலேயே வருகிறது. அதற்குப் பத்துக் கோடுகள். தாங் அரச மரபின் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், தேயிலையைத் தனியே குறிப்பதற்காக ‘யூ’வின் இரண்டு குறுக்குக் கோடுகளில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். எஞ்சியது பார்வைக்கு ‘மனிதன்’, ‘மரம்’ என்ற எழுத்துகளைப் போலத் தெரிகிறது, அவ்வளவுதான். அதே ‘யூ’ உறுப்பு, பாதையைக் குறிக்கும் எழுத்திலும் பூசுதலைக் குறிக்கும் எழுத்திலும் இருக்கிறது. இரண்டையும் ‘தூ’ என்றே படிப்பார்கள். அங்கே யாரும் மனிதனைத் தேடுவதில்லை.

இதைவிட வருத்தம், தலைப்புக்கு மேல் பெரிதாக அச்சிட்ட தூரிகை எழுத்து. எடுத்துவிட்ட அந்தக் குறுக்குக் கோடு அதில் அப்படியே இருக்கிறது. நீங்கள் அச்சிட்டது ‘சா’ அல்ல, ‘தூ’. ஜப்பானில் இன்று அந்த எழுத்து பெரும்பாலும் கண்ணில் படுவது ‘தபி’ என்ற சொல்லில். பாலியிலிருந்து ஒலிபெயர்த்தது, பிணத்தை எரியூட்டுதல் என்று பொருள். தேநீர்க் கட்டுரைக்கு மேலே அது!

எழுத்தைப் பிரித்து விளையாடுவதில் எனக்குச் சண்டையில்லை. ஜப்பானியர் 108ஆம் வயதைச் ‘சாஜூ’ என்பார்கள். புல் உறுப்பு இரண்டு பத்தாகப் பிரிந்து 20, அடிப்பகுதி எட்டு, பத்து, எட்டு என்று பிரிந்து 88, கூட்டினால் 108. அதை யாரும் எழுத்தின் பிறப்பு வரலாறு என்று சொல்வதில்லை.

‘சா’வும் ‘டீ’யும் வேறு வேறு சொற்கள் என்ற வரியும் தவறு. ஒரே எழுத்தை மாண்டரினிலும் கான்டனீஸிலும் ‘சா’ என்றும், ஃபூஜியன் கடற்கரையின் ஹொக்கியனில் ‘தே’ என்றும் படிக்கிறார்கள். டச்சு வணிகர்கள் ‘தே’யை எடுத்துப் போனார்கள், நம் தேயிலையின் ‘தே’ அந்தக் கிளை, சாயா மற்றக் கிளை என்பது தாங்கள் அறியாததல்ல. கொரியாவில் இதே எழுத்துக்குச் ‘சா’, ‘தா’ என்று இரண்டு வாசிப்பு உண்டு. சடங்கு என்ற எழுத்தோடு சேர்த்து ‘சார்யே’ என்றால் முன்னோர்க்குப் படைப்பது. அங்கே இப்போது பெரும்பாலும் வைப்பது மதுதான். அதே இரண்டு எழுத்தைத் ‘தார்யே’ என்றால் தேநீர்ச் சடங்கு.

இது முதல் முறையும் அல்ல. நெருக்கடிக்கான சீனச் சொல் ‘ஆபத்து’ம் ‘வாய்ப்பு’ம் சேர்ந்தது என்று கொரோனா காலத்தில் எழுதினீர்கள். அதிலுள்ள ‘ஜி’ தனியாக வாய்ப்பைக் குறிக்காது. அங்கே அது முடிவு எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய கணம். விமானத்துக்கான சொல்லிலும் அதே எழுத்து எந்திரம் என்ற பொருளில் நிற்கிறது. அப்போது அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை. பிறகு, சீன எழுத்துகள் அனைத்தும் படங்களே என்று ஒரு துணுக்கு. கி.பி. 100இல் ஷூ ஷென் முடித்த அகராதியின் 9,353 எழுத்துகளில் மிகப் பெரும்பான்மை, பொருளுறுப்பும் ஒலியுறுப்பும் சேர்ந்தவை. தமிழ்ச் சொல்லொன்றுக்கு இப்படி வேர் சொல்லியிருந்தால் நம் வாசகர்கள் பொறுத்திருப்பார்களா?

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தமும், இணையப் பதிப்பில் படத்தை மாற்றுவதும்தான். சரிபார்ப்பது எளிது: புல் உறுப்பின் கீழே கூரைபோல் சரியும் இரு கோடுகளுக்கு அடியில் குறுக்குக் கோடு ஒன்று மட்டுமே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிழக்காசிய மொழிகள் கற்பிக்கும் ஒரு வாசகர்,
சென்னை