கதவைத் திறக்க விடுங்கள்: கேம் எஞ்சின் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டுகளுக்கு அடித்தள மென்பொருளான கேம் எஞ்சின்களையும், திரையில் எழுத்து வரையும் நிரல் நூலகங்களையும் உருவாக்குவோருக்கு,

வணக்கம். வேலை போக மிஞ்சும் இரவுகளில் தனியாளாக உட்கார்ந்து விளையாட்டு செய்கிறவன் நான். என் முதல் விளையாட்டு ஒரு பூட்டிய அறையில் தொடங்குகிறது. திரையின் அடியில் ஒரு பெட்டி, அதில் ஒரே வரி: "கதவைத் திற". நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றை எஞ்சினிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு, பின்னால் போய் அடுத்த தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. விளையாடிப் பார்க்க வந்த நண்பன், "கத… வதையா?" என்று கேட்டான். பூட்டிய அறை, வதை. திகில் விளையாட்டு என்றே முடிவு செய்துவிட்டான்.

நடந்தது என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எழுத்துக்குறிகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுமுறையான யூனிகோட், தமிழை ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. "வை" என்றால் முதலில் வ, அப்புறம் கொம்பு. திரைக்கு வரும்போது கொம்பு இடப்பக்கம் தாவ வேண்டும். "கொ" என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். "கு", "டு", "மு" ஆகியவற்றில் குறி தனியாகத் தெரியவே கூடாது. எழுத்தே வேறு உருவம் எடுக்க வேண்டும். உங்கள் எஞ்சின் இதையெல்லாம் கேட்பதில்லை. எண்ணை எடுக்கிறது, அதற்கான படத்தை ஒட்டுகிறது, வலப்பக்கம் நகர்கிறது. ஆங்கிலத்துக்கான பழைய எண்முறையான ஆஸ்கியின் அச்சிடத்தக்க 95 குறிகளுக்கு அது போதும். பழக்கம் அங்கே பிறந்தது, அப்படியே தங்கிவிட்டது.

சரி, நானே சமாளிக்கிறேன் என்று இறங்கினேன். முதலில் கொம்புகளை எழுத்துக்கு முன்னால் நகர்த்தி வைக்கும் சிறு நிரல் எழுதினேன். கொம்பு சரியானது, "திறக்கும்" என்பதில் உகரம் இன்னும் பக்கத்தில் தொங்கியது. பிறகு ஒவ்வொரு வசனத்தையும் வெளியே படமாக வரைந்து உள்ளே கொண்டுவந்தேன். பார்க்க அழகு, ஆனால் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்த மொத்தப் படத்தையும் மறுபடி வரைய வேண்டும். விளையாடுபவர் தட்டும் பெயரை எந்தப் படத்தில் முன்கூட்டியே வரைந்து வைப்பது?

கடைசியில் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: என் கையால் புள்ளி புள்ளியாக ஒரு தமிழ் எழுத்துரு. 247 எழுத்து என்றதும் எல்லோரும் மலைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மெய்களுக்கும் ஆறு உருவங்கள்: புள்ளியோடு, அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம். அது 108. உயிர் 12, ஆய்தம் 1. அப்புறம் தனியாக நிற்கும் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என நான்கு. ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரப் படமே போதும். ஆக 125 படங்களில் 247 எழுத்தும் முடிந்தது. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் இதே ஆறு உருவங்கள், ஒரு ஸ்ரீ: இன்னும் 31. மொத்தம் 156. எழுத்துப் படங்களை அடுக்க நீங்கள் காலங்காலமாக வைத்திருக்கும் 16க்கு 16 கட்டத்தில், எண்களும் நிறுத்தக்குறிகளும் போக, இடம் மிஞ்சும். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் வேண்டுமென்றால் இன்னும் சில கட்டங்கள். பழைய காலத்துக் கதை சொல்லும் விளையாட்டுக்கு அவற்றை வரைய எனக்கு ஆசைதான்.)

இத்தனை வரைந்த பிறகும் கதவு திறக்கவில்லை. ஏனென்றால் உங்கள் படக்கட்டக் கோப்பில் ஒரு படத்துக்கு ஒரே ஓர் எண்தான் பெயராக இருக்க முடியும். "கு" என்பது இரண்டு எண்கள். தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்16 குறியேற்றத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு. அதை உள்ளே மட்டும் பயன்படுத்தித் தப்பித்தேன். ஆனால் இந்தக் குறுக்குவழியை ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுமா?

பெரிய எஞ்சின்களிடம் கேட்பது எளிது. எழுத்தின் உருவத்தை வரைவது ஃப்ரீடைப். எந்த உருவத்தை எங்கே வைப்பது என்று சொல்வது ஹார்ஃப்பஸ். இரண்டும் திறந்த மூல நிரல்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழைக் கோப்பது ஹார்ஃப்பஸ்தான். 2023-இல் வந்த கோடோ 4 எஞ்சின் அதை உள்ளேயே வைத்திருக்கிறது. மற்றவர்களும் வையுங்கள், தொடக்கத்திலேயே இயங்கும்படி வையுங்கள். நாமே தேடி, நாமே தொகுத்து இணைக்க வேண்டிய கூடுதல் பகுதியாக அது இருந்தால், தனியாள் பாதி வழியில் களைத்துப்போய் வசனங்களை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவார். நானே ஒருமுறை மாற்றினேன்.

ஹார்ஃப்பஸைச் சுமக்க முடியாத சின்ன நூலகங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. படத்தின் பெயராக ஒற்றை எண்ணுக்குப் பதில் எண்களின் தொடரை, அதாவது எழுத்துச்சரத்தை, ஏற்றுக்கொள்ளுங்கள். இருப்பதில் நீளமான பொருத்தத்தை முதலில் தேடுங்கள். கொம்பை முன்னால் நகர்த்தும் விதியை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

இன்னொன்று, தட்டச்சுபோல் வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் வேலைப்பாடு. "தமிழ்" கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து எண், அந்த எண்களைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8இல் 15 பைட். உங்கள் நிரல் ஐந்தை எண்ணி ஐந்து முறை 'டிக்' என்கிறது. பைட்டை எண்ணுகிறவையும் உண்டு. அவற்றில் நடுநடுவே கட்டங்களும் கேள்விக்குறிகளும் மின்னும். "போ" என்று ஒரு பாத்திரம் சொல்லும்போது முதலில் ப தோன்றி, மறுகணம் அது வலப்பக்கம் தள்ளப்பட்டு இருபுறமும் குறி முளைக்கிறது. கோபமாகச் சொல்ல வேண்டிய சொல் திரையில் தடுமாறுகிறது. வரியை மடக்கும்போதும் இதே கதை: அடுத்த வரியின் தொடக்கத்தில் அநாதையாக ஒரு புள்ளி. எழுத்தை எழுத்தாக எண்ணும் வழி யூனிகோட் விதிகளிலேயே இருக்கிறது. அதை ஒரு செயற்கூறாக எங்களுக்குக் கொடுங்கள்.

வரி உயரத்தையும் ஆங்கிலப் பேரெழுத்தை வைத்து அளக்காதீர்கள். மேலே ஈகாரச் சுழி வெட்டுப்படுகிறது, கீழே ழுவின் வால்.

சோதித்துப் பார்க்க ஒரு வரி தருகிறேன்: "கெட்டுப்போன கூண்டுக்குள் மௌனமாய் ஒரு பூனை". தாவும் கொம்பு, பிரியும் குறி, உருமாறும் உகரம், புள்ளி எல்லாம் இதில் உண்டு. உங்கள் மாதிரிக் கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். பூனையின் கொம்பு னகரத்துக்கு இடப்பக்கம் நின்றுவிட்டால் சொல்லி அனுப்புங்கள். என் இரண்டாவது விளையாட்டை உங்கள் எஞ்சினில் தொடங்குகிறேன்.

அன்புடன்,
பூட்டிய அறையில் இன்னும் உட்கார்ந்திருக்கும் ஒருவன்