டை கட்டாதவர்கள் அவிழ்த்த முடிச்சு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஆர்.என்.ஏ. கட்டுரையில், மரபணுக் குறியீட்டைக் கண்டுபிடித்தது 'ஆர்.என்.ஏ. டை கிளப்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. (மரபணுச் செய்தியைப் புரதமாக்க உதவும் மூலக்கூறு ஆர்.என்.ஏ.; அதன் எந்த எழுத்துகளுக்கு எந்த அமினோ அமிலம் என்பதுதான் அந்தக் குறியீடு.) கட்டுரை நன்றாகவே இருந்தது. அந்த வரி மட்டும் சரியில்லை.

1954-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவும், டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன ஜேம்ஸ் வாட்சனும் தொடங்கிய கிளப் அது. புரதங்களைக் கோக்கும் மணிகளான அமினோ அமிலங்கள் 20 என்பதால் உறுப்பினர்களும் 20 பேர், ஆளுக்கொரு அமிலத்தின் பெயர். வாட்சனின் கூட்டாளி பிரான்சிஸ் கிரிக் டைரோசின், வாட்சன் புரோலின். பச்சையும் மஞ்சளுமாக ஆர்.என்.ஏ. இழையை எம்பிராய்டரி செய்த டை வேறு! ஆனால் குறியீட்டின் முதல் சொல்லைப் படித்தவர்கள் அந்த டை கட்டாதவர்கள். 1961 மே மாதம், அமெரிக்காவின் பெதஸ்டாவில், நிரன்பர்க், மத்தாய் என்ற இரு விஞ்ஞானிகள், ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் யுராசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வைச் செல் சாற்றில் சேர்த்தார்கள். ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது; யுராசில் வரிசைக்குப் பொருள் அதுதான் என்று தெரிந்தது. அந்த ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நிரன்பர்க் இதைச் சொன்னபோது கேட்க இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். விஷயம் தெரிந்ததும், பெரிய அரங்கில் அவரை மறுபடி பேச வைத்தவர் கிரிக். பின்னால் மிச்சச் சொற்களைப் படித்ததில் பெரும்பங்கு உள்ள நம் ஹர் கோவிந்த் குரானாவும் அந்த இருபது பேரில் இல்லை.

அப்புறம் கிளப்பால் என்னதான் பயன்? 1955-இல் கிரிக் கிளப் நண்பர்களுக்கு மட்டும் தட்டச்சு செய்து ஒரு குறிப்பு அனுப்பினார். அமினோ அமிலம் ஆர்.என்.ஏ.வோடு நேராக ஒட்டாது, நடுவில் ஒரு இணைப்பு மூலக்கூறு இருக்க வேண்டும் என்றார். வெறும் ஊகம். எந்த ஆய்விதழிலும் அது வரவில்லை. சில ஆண்டுகளில் அந்த மூலக்கூறு அகப்பட்டது, இன்று டி.ஆர்.என்.ஏ. என்கிறோம். அரைவேக்காட்டு யோசனையைக் கூசாமல் சொல்ல ஓர் இடம் இருந்ததே, உங்கள் கட்டுரை அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

பெங்களூரில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, நாலைந்து ஆய்வகங்களின் ஆர்.என்.ஏ. ஆட்கள் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டீக்குக் கூடுவோம். ஒருமுறை, ஆர்.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் என் ஜெல் படத்தைக் காட்டினேன். இரண்டு பட்டைகள் பளிச்சென்று தெரிய வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே தீற்றல். மூன்று வாரமாக இதே கதை. கைடிடம் காட்டப் பயம். ஒரு சீனியர் பார்த்ததுமே, "அந்த பஃபர் பாட்டிலை வேற யாரெல்லாம் எடுக்கிறாங்க?" என்றார். (பஃபர் என்பது ஆய்வில் சேர்க்கும் கரைசல்.) கையுறை போடாத ஒரு விரல் பட்டால் போதும், தோலில் இருக்கும் நொதி ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும். புது பாட்டில் திறந்தேன், பட்டைகள் வந்துவிட்டன.

திருத்தம் போடும்போது மாஸ்கோ கதையையும் சேர்த்துவிடுங்கள்.

– ஒரு வாசகி, மதுரை