புளியமரமும் கொடுவாவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ ஜூனில் வருகிறாய் என்றதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆர்னம் லேண்டுக்கு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறீங்களாப்பா?" என்று கேட்டிருந்தாய். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் அந்தப் பழங்குடியினர் நிலத்துக்கு, போன வாரம்தான் டார்வினிலிருந்து விமானம் ஏறி, நுலன்பாய் என்ற ஊர்ப் பக்கம் போய் வந்தேன்.

அங்கே கடற்கரையில் ஒரு புளியமரம். உதிர்ந்து கிடந்த பழத்தை உடைத்து வாயில் வைத்தேன். நம் வீட்டுப் புளியேதான்! இந்தோனேசியாவில் சுலவேசித் தீவின் மக்காசரிலிருந்து பருவக்காற்றைப் பிடித்துப் பாய்மரத்தில் வந்தவர்கள் அந்தக் கரைக்குக் கொண்டுவந்த மரம். கடல் அட்டை எடுக்க வருவார்களாம். அதைப் பெரிய கொப்பரையில் வேகவைத்து, காயவைத்து, சீன வியாபாரத்துக்கு அனுப்புவார்கள். சங்கு குளிக்கப் போன உன் தாத்தா கீழக்கரையில் அட்டை அவித்த கதை நினைவிருக்கிறதா? 1907 வாக்கில் அரசு உரிமம் தராமல் போனதோடு அந்தப் போக்குவரத்து நின்றது. ஆனால் அந்த மண்ணின் பழங்குடிகளான யோல்ங்கு மக்கள் பணத்தை இன்றும் 'ருப்பியா' என்கிறார்கள். காதில் விழுந்ததும் சிலிர்த்துவிட்டது எனக்கு.

சரி, மீனுக்கு வருகிறேன். இங்கே பாராமுண்டி என்று கொண்டாடுவது நம் கொடுவாதான். முகத்துவாரத்தில் எனக்கு ஒன்று மாட்டியது. படகில் வைத்து அளந்தால் 52 சென்டிமீட்டர். 55 இருந்தால்தான் எடுக்கலாம். கையை நனைத்துக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றினேன். வெயில் பட்டு அதன் கண் செந்நிறமாக மின்னியது. வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. இந்த மீன் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும். பெரியவை எல்லாம் சினை சுமக்கிறவை, அதனால் அவற்றையும் நான் விட்டுவிடுவேன். கரையில் குனிந்து கை கழுவும் வேலை மட்டும் வேண்டாம் கண்ணு, உப்புநீர் முதலை இருக்கிறது.

அப்புறம், அந்த நிலத்துக்குள் போக வாங்க வேண்டிய பர்மிட். அதை வெறும் ஃபார்ம் என்று நினைத்துவிடாதே. 1963இல் தங்களைக் கேட்காமலே அரசு சுரங்கத்துக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, யிர்க்கலா என்ற ஊரின் யோல்ங்கு மக்கள் மரப்பட்டையில் ஓவியம் தீட்டி, அதில் மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2008இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அவர்கள் நிலத்தை ஒட்டி அலை ஏறி இறங்கும் நீருக்குள் நுழையவும் அவர்கள் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தனை வருடம் போராடிப் பெற்றது அது. நாம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. எந்தெந்த நாள், எங்கெங்கே என்று குறித்துத்தான் நான் விண்ணப்பம் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
அப்பா