காசிமேடு ஃபைபர் லைனில் பாக்கெட் லாஸ்: மறுபடியும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஆன்லைன் சென்டர் நடத்துபவர் மற்றும் தெருவாசிகள்,
காசிமேடு, சென்னை – 13.

பெறுநர்:
உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள்,
இணையச் சேவைப் பிரிவு, வடசென்னை.

பொருள்: ஃபைபர் இணைப்பில் பாக்கெட் லாஸ் (அனுப்புகிற தகவல் துண்டுகள் வழியில் தொலைந்துபோவது) – தெருமுனைக் கம்பத்தில் உள்ள ஜாயின்ட் பாக்ஸை (ஃபைபரை ஒட்டுப் போட்டு வைத்திருக்கும் பெட்டி) மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த புகார்கள் எதற்கும் பதில் இல்லை. ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் மட்டும் தவறாமல் வருகிறது. அதனால் எழுத்தில் தருகிறோம். தாங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர் இல்லை. கல்மண்டபம் தாண்டி மீன்பிடித் துறைமுகம் பக்கம் வந்தால், ஐஸ் கம்பெனிக்கு முந்தின சந்து முனையில் சாய்ந்து நிற்கிற அந்தக் கம்பத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். பிரச்சினை அங்கேதான்.

1. லைன் ஒரேயடியாக நின்றால்கூடப் பரவாயில்லை, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சமாளித்துவிடுவோம். இது நிற்பதில்லை. பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே பாக்கெட் பாக்கெட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. மழை பெய்தால், ராத்திரி ஈரக்காற்று அடித்தால், கன்டெய்னர் டிரெய்லர் அந்த முனையில் திரும்பினால் உடனே ஆரம்பம். தங்கள் ஆட்கள் வருவதோ மத்தியானம், மொட்டை வெயிலில். அப்போது ஸ்பீடு டெஸ்ட் ஜம்மென்று ஓடும், அதை போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

2. எங்கள் பக்கம் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டோம். வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்பை நேராக லேன் கேபிளில் மாட்டினோம், கேபிளையும் புதிதாக மாற்றினோம். ரௌட்டருக்கு (192.168.1.1) பிங் போட்டால், அதாவது சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால், ஒன்றுகூட விழவில்லை. அதற்கு அடுத்த ஹாப் (பாக்கெட் தாண்டிப் போகிற ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு ஹாப்), அதாவது உங்கள் பக்கத்து முதல் ஹாப், அங்கே 100-க்கு 14 விழுகிறது. வழியில் உள்ள ஹாப்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ் போட்டால், நடுவில் ஏதோ ஒரு ஹாப்பில் மட்டும் லாஸ் தெரிந்து, கடைசி ஹாப் சுத்தமாக இருந்தால் அது லாஸே இல்லை, அந்த ரௌட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அது எங்களுக்கும் தெரியும். இங்கே அப்படி இல்லை. முதல் ஹாப்பில் ஆரம்பிக்கிற லாஸ் கடைசி வரை அப்படியே போகிறது.

3. ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ரிசீவ் பவர், அதாவது வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு, காட்டும். வெயில் நாளில் -22 டிபிஎம். மழை பெய்த ராத்திரி -28. ஆறு டிபி குறைந்தால் வந்து சேரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. இந்த மாதிரி ஃபைபர் லைனில் (ஜிபான்) ரிசீவருக்கு வழக்கமாகச் சொல்கிற கீழ் எல்லை -27. இதற்கும் ரௌட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்களே சொல்லுங்கள். கம்பத்தில் ஜாயின்ட் பாக்ஸின் மூடி உடைந்து, யாரோ வலைக்கயிறால் கட்டி வைத்திருக்கிறார்கள். கயிறு புண்ணியத்தில் தொங்குகிறது. உள்ளே தண்ணீர் போகிறது, உப்புக்காற்றும் போகிறது. தாழ்வாகத் தொங்கும் கேபிளை டிரெய்லர் உரசும்போதெல்லாம் உள்ளே ஃபைபர் மடங்குகிறது.

4. இதில் எங்களுக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. சென்டருக்கு வருகிறவர்கள் பகலில் வர முடியாதவர்கள். இறால் உரிக்கிறவர்கள், ஏலக்கூடத்தில் கூடை தூக்குகிறவர்கள், வேலை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் வருவார்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு ஒரு அம்மா வந்தார். அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போகப் போகிற பெண்ணுக்கு, இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்காக. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கல்விக் கட்டணச் சலுகை. ஆதார் ஓடிபி வந்தது, போட்டோம், பக்கம் சுற்றியது, ஓடிபியின் நேரம் முடிந்தது. மறுபடி ஓடிபி. சரி, ஒருவழியாக உள்ளே போய் ஸ்கேன் செய்ததை ஏற்றினால் பாதியில் நிற்கிறது. விழுந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்புவதும், அனுப்பும் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்வதும் டிசிபி என்கிற இணைய நெறிமுறையின் வேலை. அது தன் வேலையைச் செய்து முடிப்பதற்குள் சைட் காத்திருந்து கைவிட்டுவிடுகிறது. கடைசியில் 60 ரூபாய் கட்டணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ரசீது வரவில்லை. ‘பணம் திரும்ப வரும் அம்மா, சில நாள் ஆகும்’ என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ‘நாளைக்கு வரட்டுமா?’ என்று கேட்டார். நாளைக்கு வந்தால் மட்டும்? அவர் முன்னால் உட்கார்ந்திருப்பது நான். நீங்கள் இல்லை. பெயர் கெடுவது எனக்கு.

5. ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்று இனிமேல் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

6. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-ல் போட்ட அகண்ட அலைவரிசைத் தரவிதிகளிலேயே பாக்கெட் லாஸ் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கு அடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தும் வைத்தாயிற்று. கடலுக்கு அடியில் முடிகிறது, தெருமுனையிலிருந்து எங்கள் வாசலுக்கு முடியவில்லையா? பில் மட்டும் ஒரு பாக்கெட்கூட விழாமல் மாதாமாதம் வந்து சேர்கிறதே, அது எந்த லைனில் வருகிறது? கோபத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் கோபம் வராமல் எப்படி?

7. நாங்கள் புது இணைப்பு கேட்கவில்லை, வேகம் கூட்டச் சொல்லவில்லை, பில்லில் தள்ளுபடிகூடக் கேட்கவில்லை. அந்த ஜாயின்ட் பாக்ஸை மாற்றுங்கள், உள்ளே இருக்கிற ஃபைபர் ஒட்டை (ஸ்ப்ளைஸ்) புதிதாகப் போடுங்கள், கேபிளை டிரெய்லர் தொடாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். அவ்வளவுதான்.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, ஃபைபரில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரோடு ஒருவரை ராத்திரி ஏழு மணிக்கு மேல், முடிந்தால் மழை பெய்கிற நாளாகப் பார்த்து அனுப்புமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வருகிறவருக்கு ஏணி நாங்கள் தருகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் செய்து தாருங்கள். கம்பத்தைப் பார்க்காமல் இந்தப் புகாரையும் மூடிவிட வேண்டாம், தயவுசெய்து மூடிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆன்லைன் சென்டர் நடத்துபவர் மற்றும் தெருவாசிகள்

இணைப்பு: பிங், டிரேஸ் ஸ்கிரீன்ஷாட்கள், மழை நாளிலும் வெயில் நாளிலும் எடுத்த ரிசீவ் பவர் அளவுகள், கம்பத்தின் போட்டோ (வலைக்கயிறு தெளிவாகத் தெரியும்).