செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: பெரும்பாலும் ஒரு செஸ்னாவைப் பற்றி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எண்ணிக்கைகளை முதலில் முடித்துவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் சிறு விமானம் ஓட்டும் தமிழர்களான நம் சங்கத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் 23 பேர் இருந்தோம், இப்போது 26. யாரும் விலகவில்லை, ஒருவர் சந்தா பாக்கி, அவருக்கே தெரியும். மாதக் கூட்டம் 11 நடந்தது. ஜனவரியில் நடக்கவில்லை. சென்ட்ரல் வேலியின் ட்யூலி மூடுபனி அன்று ஓடுபாதையை மட்டுமல்ல, வாகன நிறுத்தத்தையும் மூடியிருந்தது. பறந்து வர வேண்டியவர்களும் வரவில்லை, காரில் வர வேண்டியவர்களும் வரவில்லை. ஹாஃப் மூன் பேவுக்கு ஒரு கூட்டுப் பயணம் போனோம். ஐந்து விமானங்கள். மீன் சுமார்தான்.

மற்றபடி இந்த ஆண்டு சங்கம் செய்த வேலை எல்லாம் செஸ்னா என்ற ஒரே ஒரு சிறு விமானத்தைச் சுற்றித்தான். அதன் சொந்தக்காரரான புதிய உறுப்பினர் அனுமதி தந்ததால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். மதுரைக்காரர், மருத்துவமனையில் நர்ஸ், விமானி உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு மேல் சொன்னால் பெயர் சொன்ன மாதிரிதான்.

2024 செப்டம்பர் கூட்டத்திலேயே அவர், "ஒரு விமானம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னார். நவம்பரில் மைசூர்பாகு டப்பாவோடு வந்து போட்டோ காட்டினார். 1974ஆம் ஆண்டுத் தயாரிப்பு, செஸ்னா 172எம், 150 குதிரைத்திறன் லைக்கோமிங் எஞ்சின். அரிசோனாவில் ஒரு ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில் இருந்தது. "பெயிண்ட் நல்லா இருக்கே" என்று சொன்னவன் நான்தான். முழுதாகப் பிரித்துப் புதுப்பித்த ஓவர்ஹாலுக்குப் பிறகு எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எல்லோரும் கேட்டோம். 900 என்றார், 2000 மணி வரை போகும் எஞ்சின், பிரமாதம் என்றோம். கடைசியாக எப்போது ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏறக்குறைய மூன்று வருடம் அது அசையாமல் நின்றிருந்தது.

லைக்கோமிங் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேலே, கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஓடாமல் கிடந்தால் அதன் மேல் படிந்த எண்ணெய் வடிந்து கீழே போய்விடும், அப்புறம் துரு பிடிக்கும். மாதம் இரண்டு முறை பறந்த 1800 மணி எஞ்சின், மூன்று வருடம் தூங்கிய 900 மணி எஞ்சினைவிட நல்லது. இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் மைசூர்பாகு தின்றோம். இதைச் சங்கத்தின் தவறாகவே பதிவு செய்கிறேன்.

மார்ச்சில் முதல் ஆனுவல். அமெரிக்கச் சட்டப்படி 12 மாதத்துக்கு ஒருமுறை, ஐ.ஏ. தகுதி (இந்தச் சோதனையைச் செய்யும் அங்கீகாரம்) உள்ள மெக்கானிக் விமானத்தைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போன பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். நாலாம் நாள் அங்கிருந்து ஒரு பட்டியல் வந்தது: 27 வேலைகள், 14,000 டாலர். அவர் ஹேங்கருக்கு வந்து ஒன்றும் பேசாமல் காகிதத்தை என்னிடம் நீட்டினார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, இதுல எதைச் செய்யலேன்னா நான் செத்துப்போவேன், அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

சரியான கேள்வி. அன்று மாலையே நம் மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் தமிழர் அல்லர், 78 வயது, நம் கூட்டத்து இட்லிக்காகவே கௌரவ உறுப்பினராக இருப்பவர், அவரும் ஐ.ஏ.தான். பென்சிலை எடுத்துப் பட்டியலின் ஓரத்தில் குறி போட்டுக்கொண்டே போனார். பறக்கும் தகுதியைப் பாதிப்பவை ஒன்பது. மீதி பதினெட்டும் "செய்தால் நல்லது" வகை. இறக்கை நுனி பிளாஸ்டிக்கில் கீறல், கதவு ரப்பர், நைந்த உள்அலங்காரம் இப்படி. இரண்டையும் கலந்து ஒரே பட்டியலாகக் கொடுத்திருந்தார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வாங்கியவருக்கு 27-உம் ஒரே மாதிரிதான் பயமுறுத்தும்.

அந்த ஒன்பதில் முதலாவது இருக்கைத் தண்டவாளம். செஸ்னா ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். இருக்கையைப் பிடித்து நிறுத்தும் ஊசி இறங்கும் துளை வட்டமாக இருக்க வேண்டும். தேய்ந்தால் முட்டை வடிவம் ஆகிவிடும். விமானம் எழும்பும்போது இருக்கை சர்ரென்று பின்னால் வழுக்கும், கையில் இருக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் பிடியான யோக்கையும் நாம் கூடவே இழுப்போம். இதற்காக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1987இல் ஒரு உத்தரவு போட்டு, 2011இல் புதுப்பித்தது: 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். இவருடைய விமானத்தில் விமானி பக்கத்தின் இரண்டு துளைகள் புளியங்கொட்டை மாதிரி நீண்டிருந்தன. அரிசோனாவிலிருந்து அதில் உட்கார்ந்துதான் வந்திருக்கிறார்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியவில்லை என்று அன்று புரிந்தது. ஆனுவல் பார்த்த பட்டறையிலேயே பழுதையும் சரிசெய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. பழுது இருந்தால், "சோதனை முடிந்தது, இன்னின்ன குறைகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, குறைப் பட்டியலை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டியதுதான் அவர்கள் வேலை. அந்தக் குறைகளை வேறு எந்தத் தகுதியுள்ள மெக்கானிக்கும் தீர்த்துக் கையெழுத்திடலாம். அங்கிருந்து விமானத்தை எடுத்து வர எஃப்.ஏ.ஏ.யிடம் சிறப்புப் பறப்பு அனுமதி வாங்க வேண்டும். வாங்கினோம். இருக்கையை மட்டும் நகராதபடி மெக்கானிக் நேரில் போய்ப் பூட்டிக் கொடுத்தார்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் சனிக்கிழமை தோறும் 14ஆம் எண் ஹேங்கர் திருவிழாக்கடை மாதிரி இருந்தது. எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, பேட்டரி, விளக்கு, ஸ்பார்க் பிளக் போன்றவற்றை விமானி உரிமம் உள்ள சொந்தக்காரரே செய்யலாம். மற்றதை மெக்கானிக் மேற்பார்வையில் செய்யலாம். மேற்பார்வை என்றால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து போனை எடுப்பது கணக்கில் வராது. நம் மூத்த மெக்கானிக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிளக் எட்டையும் சொந்தக்காரரான அந்த அம்மணியே கழற்றினார், சுத்தம் செய்தார், புதுச் செம்பு வளையம் போட்டு 35 அடி-பவுண்டு முறுக்கில் திருகினார். ஒன்றைத் தரையில் போட்டுவிட்டார். பார்க்க ஒன்றும் ஆகவில்லை. பெரியவர் அதை எடுத்து, இன்னொரு முறை வேண்டுமென்றே போட்டார், இந்தத் தடவை குப்பைத் தொட்டிக்குள். உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். முதல் எண்ணெய் மாற்றத்தை அந்த உறுப்பினர் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் எழுதவே இல்லை. என்ன செய்தோம், தேதி, கையெழுத்து, உரிமத்தின் வகை, எண். ஒரு வரிதான். எழுதாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அந்த வேலை நடக்கவே இல்லை. நம்மில் மூத்தவர்கள் இருவரின் லாக்புக்கும் இதே லட்சணம்தான் என்று அப்போது தெரியவந்தது.

எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்த நாளன்று ஹேங்கரில் பேச்சே இல்லை. மடிப்புத் தாளை நீளமாக விரித்து அதன் மேல் காந்தத்தை ஓட்டினோம். கேம்ஷாஃப்ட் போயிருந்தால் இரும்புத் துகள் ஒட்டும். கரி மட்டும்தான் இருந்தது. நாங்கள் மூச்சு விட்டதைப் பார்த்துச் சிரித்தார் பெரியவர்.

அக்டோபரில் அடுத்த தொல்லை. காலையில் முதல் முறை எஞ்சினைக் கிளப்பினால் ஒரு நிமிடம் விமானமே உதறும், சூடானதும் சரியாகிவிடும். பிளக்தான் என்று நினைத்து அவர் இரண்டு முறை கழற்றி மாட்டியிருக்கிறார். மூன்றாவது முறை பெரியவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பட்டப் பெயரைச் சொன்னார். அதை உறுப்பினர் தன் அம்மாவுக்கு மொழிபெயர்த்தார்: மசக்கை. மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா, "அப்படின்னா மாங்காய் வாங்கிக் குடு. பழைய வண்டியை வாங்கிட்டு வாராவாரம் வைத்தியம் பாக்குறதுக்குப் புதுக் காரே வாங்கியிருக்கலாம்" என்றார்.

நோய் இதுதான். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு ஒரு குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. அந்த இடைவெளியில் கரியும் விமானப் பெட்ரோலில் கலந்திருக்கும் ஈயமும் படிந்தால், குளிரில் தண்டு மாட்டிக்கொள்ளும், சூடானதும் விடுபடும். இன்று விடுபடுவது நாளைக்கு ஆகாயத்தில் விடுபடாமல் போகலாம். வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும், ஒரு சிலிண்டர் போச்சு. உதறும்போதே எஞ்சினை நிறுத்தி, நான்கு எக்ஸாஸ்ட் குழாயையும் வெப்பமானியால் பார்த்தோம். மூன்றாவது மட்டும் ஜில்லென்று இருந்தது, அங்கேதான் வால்வு மாட்டியிருந்தது.

சிலிண்டரையே கழற்றாமல் இதைச் சரிசெய்ய ஒரு கயிற்று வித்தை உண்டு. லைக்கோமிங் நிறுவனமே தன் பழுது வழிமுறையில் சொல்வதுதான். எல்லா மேல் பிளக்கையும் கழற்றி, மூன்றாம் சிலிண்டரின் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணிக்க வேண்டும், நுனி வெளியே தொங்க. புரொப்பெல்லரைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் மேலேறிக் கயிற்றை வால்வின் மேல் அழுத்தும். வால்வு உள்ளே விழாது. அப்போது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை இறக்கி, கயிற்றை உருவி, வால்வை உள்ளே தள்ளி, அந்தக் குழாயைக் கிரீஸ் தடவிய ரீமரால் கையாலேயே சுரண்ட வேண்டும். கையை வைத்தவர் பெரியவர் ஒருவரே. நாங்கள் புரொப்பெல்லர் பிடித்தோம், டார்ச் பிடித்தோம், வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். கொடிக்கயிறு வேண்டுமா என்று அம்மா கேட்டார். கடையில் புதிதாக வாங்கியிருந்தோம்.

சுரண்டுவது அரைமணி வேலை. உள்ளே கிடக்கும் வால்வைத் துளை வழியாகப் பிடித்துத் திரும்ப அதன் குழாய்க்குள் நுழைப்பதற்கு இரண்டரை மணி நேரம் ஆனது. துளைக்குள் விட்டுப் பார்க்கும் கேமராவான போரோஸ்கோப்பின் திரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் இடது, இன்னும் இடது... ஐயோ" என்று ஆறு பேர் கத்தினோம். அப்புறம் தண்டின் தலையில் உட்காரும் சின்னத் தொப்பி, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், உருண்டு போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். புளியோதரைத் தூக்குச்சட்டிக்கு அடியில் கிடந்தது. கண்டுபிடித்தவர் அம்மா.

மாலையில் சிலிண்டரின் அழுத்தச் சோதனை 80க்கு 74 காட்டியது, நல்ல எண். மறுநாள் காலை, குளிரில், முதல் கிளப்பலிலேயே எஞ்சின் சீராக ஓடியது. பெரியவர் 400 டாலரும் மிச்சப் புளியோதரையும் வாங்கிக்கொண்டார். தரையில் ஓட்டும்போது எரிபொருள் கலவையை நன்றாக மெலித்து வை, படிவு குறையும் என்று சொல்லிப் போனார். ஈயமில்லாத பெட்ரோல் வந்தால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று பொருளாளர் ஆரம்பித்தார். சாண்டா கிளாரா கவுண்டி 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்திவிட்டது உண்மைதான். ஆனால் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் தன் பயிற்சி விமானங்களை 2023இல் ஈயமில்லாததற்கு மாற்றி, வால்வு வந்து உட்காரும் வளையங்கள் தேய்வதைக் கண்டு சில மாதத்திலேயே திரும்பியதும் உண்மை. அந்த வாக்குவாதம் கூட்டக் குறிப்பில் நான்கு பக்கம் இருக்கிறது. வேண்டியவர்கள் படிக்கலாம்.

செயற்குழு எடுத்த முடிவு ஒன்று. உறுப்பினர் யார் விமானம் வாங்கினாலும், முன்பணம் கொடுக்கும் முன் சங்கத்திடம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் மெக்கானிக்கோடு போய்ப் பார்ப்பார்கள். போக்குவரத்துச் செலவு சங்க நிதியிலிருந்து. வாங்குவதற்கு முந்தைய சோதனைக்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது. எதைத் திறக்க வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால்தான் திறப்பார்கள். விற்பவரின் மெக்கானிக்கை வைத்துப் பார்ப்பது, பெண் வீட்டாரிடமே பெண்ணைப் பற்றி விசாரிப்பது மாதிரி. இந்தத் திட்டத்துக்கு 600 டாலர் ஒதுக்கியிருக்கிறோம்.

கருவி அலமாரிக்கு இந்த ஆண்டு வடிகட்டி வெட்டும் கருவி ஒன்றும், முறுக்கு அளவி ஒன்றும் வாங்கினோம். போரோஸ்கோப் நவம்பரிலிருந்து காணவில்லை. பதிவேட்டில் யார் கையெழுத்தும் இல்லை. அலமாரிச் சாவி இரண்டுதான், ஒன்று என்னிடம், ஒன்று பொருளாளரிடம். நான் எடுக்கவில்லை. வரவு செலவுக் கணக்கை அவர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்